முன்னால் நடக்காத வீடு

நல்லமுத்துவின் வீட்டு ஆண்கள் மலை ஏறும்போது முன்னால் நடக்க மாட்டார்கள். நாள் கிழமை பார்த்து அல்ல, என்றைக்குமே. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் ஆலத்தூர் நாட்டுக்கு ஏறுகிற பாதையில் பாதி தூரம் வந்ததும் இடுப்புயரத்துக்கு ஒரு கல் நிற்கும். அதற்கு மாதன் கல் என்று பெயர். அந்தக் கல்லிலிருந்து மேலே, அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு முன்னால் யாராவது ஒருவர் போயாக வேண்டும். பெண்டாட்டி போகலாம், அண்டை வீட்டுக்காரன் போகலாம், ஆடு போனாலும் சரி. துணைக்கு யாருமே இல்லையென்றால் ஒரு தழையை ஒடித்து முன்னால் வீசி, அது விழுந்த இடம்வரை போய், எடுத்து மறுபடி வீசி, அப்படியே வீடு வந்து சேர வேண்டும். இறங்கும்போது இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. இறங்குகிறவன் எப்படிப் போனாலும் யாரும் கேட்பதில்லை.

இதற்குக் காரணம் அந்த வீட்டுப் பழைய பாட்டன் மாதன். ராசாக்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு காலத்தில் கீழ்நாட்டுப் படை ஒன்று மலையைப் பிடிக்க வந்ததாம். தேன் விற்கக் கீழே இறங்கியிருந்த மாதனைப் பிடித்து, முன்னால் நட, வழி காட்டு என்றார்களாம். பாதி வழிவரை அடித்து இழுத்து வந்தார்கள். அதற்குமேல் அவன் நகரவில்லை, அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். அங்கேயே வெட்டிப்போட்டார்கள். கதை அவ்வளவுதான். எந்த ராசா, எந்தப் படை, எந்த வருடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிறகு படை வேறு பக்கமாக ஏறிவிட்டது என்பார்கள். அந்த வேறு பக்கத்தைக் காட்டியது யார் என்று கேட்டால் மட்டும், பெரியவர்கள் எல்லாம் மடியில் வெற்றிலையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நல்லமுத்துவுக்கு மண்ணோ பொன்னோ பெரிதாகக் கிடையாது. கொஞ்சம் சாமைக்காடு, பலாமரத்தில் ஏறிய நாலு மிளகுக்கொடி. ஆனால் வைகாசி நோம்பித் திருவிழாவுக்குக் காரவள்ளியிலிருந்து சாமிக்குடையும் தீர்த்தக்குடமும் ஏறும்போது, ஊரே முன்னால் போக, கடைசி ஆளாக அவன்தான் வருவான். கையில் ஒரு முள்கிளையை இழுத்துக்கொண்டு வருவான். மாதன் கல்லைத் தாண்டியதும் அந்த முள்ளை வழிக்குக் குறுக்கே போட்டு மூடுவான். முள் விழுந்தது என்று கீழிருந்து மேலே குரல் கைமாறிப் போன பிறகுதான் கோயிலில் கொட்டு முழங்கும். ஊர்க்கவுண்டராகவே இருந்தாலும் அதுவரை காத்துத்தான் நிற்க வேண்டும். வருடம் முழுக்கக் குனிந்தே நடக்கிற மனிதனுக்கு அந்த ஒரு நாள் முதுகு நிமிரும்.

கல்யாணத்தன்று இருசாயி இந்தப் பாதையில் அவனுக்கு முன்னால்தான் ஏறினாள். மாப்பிள்ளை பெண்டாட்டி பின்னால் போகிறான் என்று அவளுடைய ஊர்ப் பெண்கள் கேலி செய்து தீர்த்தார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் பழகிப்போயிற்று. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் முன்னால், அவன் பின்னால். திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு போவாள். மிளகு விலை, மாமியார் சண்டை, பக்கத்துக் காட்டுப் பன்றி, எல்லாம் அவள் முதுகிலிருந்துதான் அவனுக்கு வந்து சேரும். இத்தனை வருடத்தில் அவன் அவள் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருப்பான். பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இந்தச் செங்குத்தில் வாய் ஓயாமல் ஏறுகிறேன் என்று அவளே ஒருமுறை சொன்னாள்.

சீமையில் சண்டை ஆரம்பித்த வருடம், சேலத்திலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி மலைக்கு வந்தது. பெட்டி பெட்டியாகத் தலைச்சுமையில் ஏற்றினார்கள். வெள்ளிக்காகிதம் ஒட்டிய பலகைகள், மரத்தில் செய்து சாயம் அடித்த வாள்கள், வைக்கோல் திணித்த யானைத்தலை ஒன்று. மலைக்கு ஒரு ராணி இருந்தாளாம், அவள் சேனாதிபதிமேல் ஆசைப்பட்டாளாம். இங்கே ராணி என்று ஒருத்தி இருந்தது மலைக்காரர்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். ராணி டோலியில் வந்து இறங்கி, கொசு கடிக்கிறது என்று அழுதாள். ஊரே வேலையைப் போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போயிற்று.

வந்தவர்களில் பாதிப்பேர் மலைக்காய்ச்சலில் விழுந்தார்கள். படைக்கு வழிகாட்டுகிற மலைக்காரனாக நடிக்க வந்தவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கதை எழுதுகிற அருணாசலம் என்பவர், தோளில் துண்டும் வாயில் பாக்குமாக ஊருக்குள் சுற்றி, ஆள் தேடி, விறகு கட்டிக்கொண்டிருந்த நல்லமுத்துவைப் பிடித்தார்.

"நீ பேசவே வேண்டாம்ப்பா. முன்னால நடந்து போகணும். பின்னால படை வரும். நடுவுல ஒரு தரம் திரும்பி, வாங்கன்னு கையை ஆட்டணும். அவ்வளவுதான்."

"ஏறறதுங்களா, எறங்கறதுங்களா?"

"ஏறுறதுதான்."

"ஆவாதுங்க."

அருணாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டார். நல்லமுத்து சொன்னான். இங்கேதான் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்று பிற்பாடு நமக்குத் தோன்றும். ஆனால் கேட்டால் சொல்லாமல் இருக்க அது என்ன களவா, அவன் வீட்டுப் பெருமை. அருணாசலம் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பாக்கைத் துப்பிவிட்டு, இன்னொரு தரம் சொல்லு என்றார். கல்லில் உட்கார்ந்ததை இரண்டு தரம் கேட்டார்.

"நானும் ஒரு வருசமா இந்தக் கதையைக் கட்டிக்கிட்டு அழறேன். இப்படி ஒருத்தன் என் கதையில இல்லையே" என்றார்.

நல்ல மனிதர்தான். கட்டாயப்படுத்தவில்லை. சரி, நீ ஏற வேண்டாம், ஊருக்கு மேற்கே மந்தைக்காட்டில் பாறை ஓரமாகச் சமதரை இருக்கிறதே, அங்கே நடந்தால் போதும் என்றார். சமதரையில் நடக்க எந்தத் தடையும் இல்லை. நல்லமுத்து ஒரு நிமிடம் யோசித்தான்.

"பின்னால வாரது ஆரு படைங்க?"

"ராணி படைதான். நம்ம படை."

அன்றைக்கு அது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை மந்தைக்காட்டில் மூன்று கால் வைத்த காமிராவை நிறுத்தினார்கள். காமிராக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு காலுக்கு அடியில் வைக்கக் கல் வேண்டும் என்றார். சும்மா நின்றுகொண்டிருந்த நல்லமுத்துதான் ஓடிப்போய்த் தட்டையான ஒரு கல்லைத் தூக்கி வந்து கொடுத்தான். காமிரா ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. விழுந்துவிடப் போகிறது என்று அவனுக்குப் பயமாகக்கூட இருந்தது. அப்பத்தான் படம் அழகாக விழும் என்றார் காமிராக்காரர். கொஞ்சம் முன்னால் குனிந்து, முழங்காலைத் தூக்கி நட என்றார்கள். நடந்தான். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். பின்னால் சேலத்துப் பையன்களும் நாலைந்து உள்ளூர் ஆட்களும் மரவாளோடு வந்தார்கள். இரண்டு தரம் நடக்கவிட்டு, பேஷ் என்றார்கள். கம்பெனி கிளம்பும்போது வழியில் மாதன் கல்லையும் தனியாகப் படம் பிடித்துக்கொண்டு போனது. தன் பாட்டனுக்குச் செய்த மரியாதை என்று நல்லமுத்து நினைத்தான்.

அடுத்த தை மாதம் பேளுக்குறிச்சிச் சந்தைத் திடலில் டெண்ட் கொட்டகை போட்டு அந்தப் படத்தை ஓட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தது. நல்லமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு வீடாக வெற்றிலை வைத்து, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணனை இரண்டு தரம் போய்க் கூப்பிட்டான். அவன் அவரை மாமா என்று கூப்பிடுகிற முறை. யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் தூண்டவில்லை, அவனாகவேதான் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு போனான். இதை நினைத்து அவன் பிறகு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை. இருசாயிக்கு அப்போது கால் சுளுக்கி வீங்கியிருந்தது, அவள் மட்டும் போகவில்லை.

கொட்டகைக்குள் மணலில் உட்கார்ந்தார்கள். ராணி பாடினாள், சேனாதிபதி பாடினான், யானைத்தலை ஆடியது. பிறகு கீழ்நாட்டு ராசா ஒருவன் வந்து, மலைக்கு வழி தெரிந்தவன் எவனும் இல்லையா என்று கர்ஜித்தான். இருக்கிறான் பிரபு, மாதன் என்று ஒரு மலைக்காரன், பொன்னுக்கு ஆசைப்படுகிறவன் என்றான் மந்திரி. அதற்கு அடுத்ததாகத் திரை நிறைய மாதன் கல் நின்றது. கல்லுக்கு அப்புறம் நல்லமுத்து வந்தான்.

ஏறிக்கொண்டிருந்தான். நல்ல செங்குத்து. குனிந்து, முழங்காலைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்க ஏறினான். பின்னால் கீழ்நாட்டுப் படை வந்தது. வளைவில் நின்று திரும்பினான், வாங்க என்று கையை ஆட்டினான். முகம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அடுத்த காட்சியில் ஊர் எரிந்தது, பெண்கள் ஓடினார்கள். கொட்டகையில் இருந்த கீழூர்க்காரர்கள் திரையைப் பார்த்து மண்ணை வாரி வீசினார்கள். கெட்ட கெட்ட வார்த்தையாக வைதார்கள். ஆலத்தூர் நாட்டுக்காரர்கள் மட்டும் வாயே திறக்கவில்லை.

நல்லமுத்துவுக்கு எழுந்து நின்று, அது சமதரை, நான் ஏறவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. தன் உடம்பு தன் கண்முன்னால் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லை எடுத்துக் கொடுத்த கை மடியில் கிடந்தது.

மறுநாள் காலை ஊர் திரும்பும்போது யாரும் அவனோடு பேசவில்லை. மாதன் கல் வந்ததும் எல்லோரும் வழக்கம்போல அவனை விட்டு முன்னால் போனார்கள். ஆனால் வழக்கத்தைவிட வேகமாகப் போனார்கள். கடைசியில் அவன் தனியாக நின்றான்.

ஒரு வாரம் கழித்துக் கோயில் மேட்டில் ஊர் கூடியது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பான். நல்லமுத்து அத்தனை பேரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மந்தைக்காட்டுக்குக் கூட்டிப்போனான். கல் இன்னும் அங்கேயே கிடந்தது.

"இந்தக் கல்லுதானுங்க. நான்தான் கொண்டாந்து வெச்சேன். இதுக்கு மேல அந்த எந்திரத்துக் காலை வெச்சாங்க, அது இப்படிச் சாஞ்சு நின்னுச்சு. அது சாஞ்சதுனால சமதரை ஏத்தமாட்டம் தெரிஞ்சுபோச்சு. நீங்க எல்லாரும் தலையை இப்படிச் சாய்ச்சுப் பாருங்க, நான் நடக்கறேன்."

அவன் பாறை ஓரமாக, குனிந்து, முழங்காலைத் தூக்கி நடந்தான். ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்கள். அவன்மேல் இருந்த இரக்கத்தில்தான் பார்த்தார்கள். ராசப்பன் என்பவன் முடிந்தமட்டும் காதைத் தோளில் ஒட்டிப் பார்த்தான்.

"எனக்குச் சமதரையாத்தான் தெரியுதுங்க" என்றான் ராசப்பன். "கழுத்துத்தான் நோவுது."

"அந்தப் படையில நம்ம சின்னுசாமியும் நடந்தானுங்க. அவனைக் கேளுங்க" என்றான் நல்லமுத்து.

சின்னுசாமி முன்னால் வந்தான். அவன் ஓர் ஓரமாக மரவாளைப் பிடித்துக்கொண்டு போனவன்.

"நடந்தது இங்கதானுங்க. ஆனா படத்துல பாக்கையில எனக்கே மூச்சு வாங்குச்சு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலீங்க" என்றான்.

ஊர்க்கவுண்டர் நல்லமுத்துவைத் தனியாக அழைத்துப்போய்ப் பாறையில் உட்கார வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"கண்ணு, நீ சமதரையில நடந்தியோ ஏறுனியோ, அதை விடு. நான் அதைக் கேக்கல. கீழ்நாட்டான் மேல வந்தானா இல்லையா?"

"வந்தானுங்க மாமா. வேற பக்கமா வந்தான்."

"ஆரோ காட்டித்தானே வந்தான்? ஆருன்னு தெரியாம ஒவ்வொரு ஊட்டுலயும் அடிவயித்துல ஒரு பயம். நம்மூட்டுப் பாட்டனா இருக்குமோன்னு. எங்கப்பன் சாகற வரைக்கும் அந்தப் பயத்துலதான் இருந்தாரு. இப்ப இந்தப் படம் வந்து இன்னாருன்னு சொல்லிப்போட்டுது. சனங்களுக்கு மனசு லேசாயிப்போச்சு."

"அது கதைங்க மாமா. சேலத்துக்காரரு கட்டுன கதை."

"நம்முளுதும் கதைதான் கண்ணு. உன்ற பாட்டன் கல்லுல உக்காந்ததை ஆரு பாத்தா? இதை நாங்க அத்தனை பேரும் பாத்தமே."

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. பார்த்தவர்கள் யார்? வெட்டியவர்கள் பார்த்தார்கள், மாதன் பார்த்தான். வேறு யார்?

"இந்த வருசம் மட்டும் ராசப்பன் முள்ளு இழுக்கட்டும்" என்றார் கவுண்டர். இந்த வருசம் மட்டும் என்று சொன்னபோது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே நல்லமுத்து ராசிபுரம் போய் பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போனான். கம்பெனி வாசலில் காலையிலிருந்து நின்று, கடைசியில் அருணாசலத்தைப் பார்த்தான். அவர் அவனை அடையாளம் கண்டு தோளில் தட்டி, டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

"ராணி படைன்னுதாம்ப்பா எழுதியிருந்தேன். எல்லாத்தையும் ஒட்டிப் பாத்தா படம் உப்புச் சப்பில்லாம இருந்துச்சு. கோட்டை எப்படி விழுந்துச்சுன்னு முதலாளி கேட்டாரு. காட்டிக்கொடுக்கிறவன் ஒருத்தன் வேணும்னாரு. நீ நடந்த பிலிம் துண்டு கையில இருந்துச்சு. மாதன்கிற பேரு மனசுல இருந்துச்சு."

"எங்க பாட்டன் காட்டலீங்களே. அதைத்தானே சொன்னேன்."

"சொன்னே. என்னால அதை மறக்கவே முடியல. அதனாலதான் வந்துச்சு." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காட்டாதவனை வெச்சுப் படம் எடுக்க முடியாது நல்லமுத்து. அவன் உக்காந்துட்டா கதையும் உக்காந்துடுது. ஆனா இது வெறும் கதைன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும். யாரும் நிஜம்னு எடுத்துக்க மாட்டாங்க."

"எங்கூர்ல எடுத்துக்கிட்டாங்க."

"நான் வந்து சொல்லட்டுமா?"

நல்லமுத்துவுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தான். படத்தை எழுதியவரே வந்து படம் பொய் என்றால், முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று ஊர் கேட்கும். பணம் கொடுத்துக் கூட்டி வந்தான் என்றுகூடச் சொல்லும். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துவிட முடியாதா என்று கேட்டான். ஊர் ஊராகப் பெட்டி போய்விட்டது, எந்தப் பெட்டியை எங்கே தேடுவது என்றார் அருணாசலம். பஸ் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நல்லமுத்து என்ன செய்வான்?

வீட்டில் இருசாயி மட்டும் அவன் பக்கம் இருந்தாள். அவள் படம் பார்க்காதவள். அவன் சொன்னதை முழுதாக நம்பினாள். தண்ணீர்த்துறையில் ஒருத்தி ஜாடைமாடையாக என்னவோ சொன்னதற்குக் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனாள். நீ பார்த்தாயா என்று அந்த ஒருத்தி கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி இருசாயிக்கு உறைத்துவிட்டது.

"ஏனுங்க, கால் தேவலையாயிருச்சு. படம் இன்னும் அங்கதான் ஓடுதாமுங்க. நானும் போய்ப் பாத்துப்போட்டு வாரேன்" என்றாள். "எனக்கு மந்தைக்காட்டுப் பாறை ஒவ்வொண்ணும் தெரியும். உங்க நடையும் தெரியும். பாத்துப்போட்டு வந்து நாலு பேரு முன்னால நின்னு, எங்கூட்டுக்காரர் நடந்தது சமதரைதான்னு நான் சொல்றேன். அப்புறம் ஆரு வாயத் தொறக்கறாங்கன்னு பாக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. சொன்னால் என்ன அர்த்தமாகும்? மறைக்க ஏதோ இருக்கிறது என்றாகிவிடும். போகலாம் என்றான். அவள் சந்தோஷமாக நல்ல சேலை எடுத்து உடுத்திக்கொண்டாள். இறங்கும்போது பேசிக்கொண்டே வந்தாள், முள் இந்த வருடமும் நம்முடையதுதான் பாருங்கள் என்றாள்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனியாகச் சாக்குப்படுதா கட்டியிருந்தார்கள். அவளை அவனால் பார்க்க முடியவில்லை. நல்லமுத்து திரையைப் பார்க்காமல் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரி மாதன் பெயரைச் சொன்னது கேட்டது. அப்போது அவனையும் மீறித் திரும்பிப் பார்த்தான். இந்தத் தரமாவது அவன் கல்லில் உட்கார்ந்துவிட மாட்டானா என்று ஒரு கிறுக்கு ஆசை வந்தது. திரையில் இருந்தவன் உட்காரவில்லை. ஏறினான். பார்க்கப் பார்க்க நல்லமுத்துவுக்கே தன் தொடை கடுப்பது போல இருந்தது. சமதரையா அது, நன்றாக நினைவிருக்கிறதா என்று உள்ளே ஏதோ ஒன்று அவனையே கேட்டது. படுதாவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒருத்தி, நாசமாய்ப் போக என்றாள். இருசாயியின் குரல் மட்டும் கேட்கவில்லை.

படம் விட்டு வெளியே வந்தபோது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன என்று அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. பேளுக்குறிச்சியில் அவளுடைய சின்னம்மா வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்பினார்கள்.

காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியது. இருசாயி வழக்கம்போல முன்னால் நடந்தாள். பேசவில்லை. மிளகு விலை இல்லை, மாமியார் இல்லை, பன்றி இல்லை. பேச்சில்லாத அந்த முதுகின் பின்னால் ஏறுவது அவனுக்குப் பாறையைச் சுமப்பது போல இருந்தது. அவள் அடிக்கடி முந்தானையைத் தோளுக்கு மேல் இழுத்து முதுகை மூடிக்கொண்டாள். அப்படி அவள் முன்பு செய்து அவன் பார்த்ததில்லை.

மாதன் கல் வந்தது. இருசாயி நின்றாள். பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி, கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க முன்னால போங்க."

"என்ன புள்ள பேசறே?"

"எனக்கு ஆவலீங்க. உங்களைப் பின்னால வெச்சுக்கிட்டு என்னால ஏற முடியல. முதுகெல்லாம் கூசுது."

"மந்தைக்காட்டுப் பாறையத் தெரியும்னியே. அது தெரியலையா உனக்கு?"

"தேடித் தேடிப் பாத்தனுங்க. கண்ணக் கசக்கிக் கசக்கிப் பாத்தேன். நீங்க ஏறறதுதான் தெரிஞ்சுது." அவள் அழவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "நம்பித்தானுங்க போனேன். போகாம இருந்திருக்கலாம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படலாம் என்று தேடினான், கோபம் வரவில்லை. அவள் அவனுக்காகத்தானே போனாள். முன்னால் போக ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவன் அப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாதையோரத்துச் செடியிலிருந்து ஒரு தழையை ஒடித்தான். கல்லுக்கு மேலே, பாதையில் வீசினான்.

இருசாயி அந்தத் தழையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாமுங்க. இங்க நம்ம ரண்டு பேருதானே இருக்கறோம். ஆருக்காக நடிக்கறீங்க?"

நல்லமுத்து தழை கிடந்த இடத்துக்குப் போனான். எடுப்பதற்குக் குனிந்தான். எடுக்கவில்லை. அதைத் தாண்டிக் காலை வைத்தான். அதற்கு அடுத்த காலையும் வைத்தான். அவன் வீட்டு ஆண்பிள்ளை எவனும் வைக்காத இடத்தில் வைத்துக்கொண்டே போனான். வானம் இடிந்து விழவில்லை. பறவைகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. பின்னால், நன்றாகத் தள்ளி, அவள் காலடி கேட்டது.

வளைவு வந்தது. காலடிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. அவளுக்கு இன்னும் அந்தக் கால் முழுதாகச் சரியாகவில்லை, செங்குத்தில் இடறி விழுந்துவிட்டாளோ என்று அவனுக்குப் பகீர் என்றது. திரும்பிப் பார்த்தான். விழவில்லை, கீழே மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். வா என்று கூப்பிட அவன் கை தானாக எழுந்தது.

இருசாயி அந்தக் கையைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.